ஒரு வரி பிறந்த கதை

1901-ஆம் ஆண்டுக் கோடையில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற கப்பல் அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் சொந்தக் கப்பல் அது. இளவரசருக்குக் கடலாராய்ச்சியில் தீராத பித்து. கப்பலுக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்திருந்தார். அந்தப் பயணத்துக்குப் பாரிஸிலிருந்து இரண்டு விஞ்ஞானிகளையும் அழைத்து வந்திருந்தார். ஒருவர் உடலியல் பேராசிரியர் ஷார்ல் ரிஷே. இன்னொருவர் போல் போர்ட்டியே. கடல் நீரில் ஊதா நிறத்தில் மிதந்துவந்த ஒன்றைக் காட்டி, இதன் விஷத்தை ஆராய்ந்து சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார் இளவரசர்.

மிதந்துவந்தது ஓர் உயிரினம். 'போர்த்துகீசியப் போர்க்கப்பல்' என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மேலே ஒரு காற்றுப் பை, கீழே பல மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் இழைகள். அந்த இழை மேலே பட்டால் சாட்டையால் அடித்த தடம் விழும். சிலர் வலி தாங்காமல் மயங்கியும் விடுவார்கள். ரிஷேவும் போர்ட்டியேவும் கப்பலிலேயே இழைகளை அரைத்துச் சாறு எடுத்து, சிறு விலங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். விஷம் இருப்பது உறுதியானது. மேற்கொண்டு பாரிஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்கள். அங்கேதான் முதல் சிக்கல் காத்திருந்தது. பாரிஸில் அந்த உயிரினம் கிடைக்கவில்லை.

கிடைத்ததை வைத்துச் சமாளிப்போம் என்று, பிரான்ஸ் கரையோரத்தில் சுலபமாகக் கிடைத்த கடல் சாமந்தியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் விஷ இழைகள் உண்டு. அதன் சாற்றை நாய்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, விஷத்தைத் தாங்கும் சக்தியை வளர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். அம்மை குத்துவதன் பின்னாலிருக்கும் அதே நம்பிக்கைதான். நாய்களில் ஒன்றின் பெயர் நெப்டியூன். நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசிக்கு அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்று வாரம் ஓடியாடித் திரிந்தது. 1902 பிப்ரவரியில் அதே அளவு சாற்றை இரண்டாம் முறை செலுத்தினார்கள்.

சில நொடிகளில் நெப்டியூனுக்கு மூச்சிரைத்தது. நடக்க முடியாமல் உடம்பை இழுத்துக்கொண்டு போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வயிற்றுப்போக்கு கண்டது. ரத்த வாந்தி எடுத்தது. 25 நிமிடத்தில் இறந்துபோனது. பழக்கமே இல்லாத நாய் தாங்கிக்கொண்ட அளவை, பழக்கப்பட்ட நாய் தாங்கவில்லை. காப்பாற்ற வேண்டிய முதல் ஊசியே எமனாகிவிட்டது. மருத்துவம் அதுவரை நம்பியிருந்ததற்கு நேர்மாறாக நடந்திருந்தது.

இந்த நிலைக்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று ரிஷே பெயர் வைத்தார். 1913-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கூடவே நின்று உழைத்த போர்ட்டியேவுக்கு அதில் பங்கில்லை. அது நியாயமில்லை என்றே இப்போதும் தோன்றுகிறது. ஆனால் நெப்டியூன் செத்தது ஊசியால். ஊசி மருந்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே வேறொரு புதிரில் சிக்கியிருந்தார். அப்போது தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் மருந்து. அதைப் போட்டுக்கொண்ட சில குழந்தைகளுக்கு நோய் தீர்ந்தது. ஆனால் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. இரண்டாம் முறை போட்டால் இவை முன்னைவிட வேகமாக வந்தன. நோயை எதிர்க்கும் உடம்பின் அதே சக்திதான் இந்தத் தொல்லையையும் தருகிறது என்று பிர்க்கேவும் அவருடைய சகா பேலா ஷிக்கும் கண்டுகொண்டார்கள். இப்படி மாறிப்போன உடம்பின் குணத்துக்கு 1906-இல் பிர்க்கே வைத்த பெயர்தான் 'அலர்ஜி'. பெயர் பிறந்துவிட்டது. அந்தப் பெயரைச் சாப்பாட்டோடு சேர்த்து எழுத அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுவன் வரவேண்டியிருந்தது.

நியூயார்க்கில் ஆஸ்கர் ஷ்லாஸ் என்ற குழந்தை மருத்துவரிடம் வந்த எட்டு வயதுச் சிறுவன் அவன். முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்தது. பாதாமுக்கும் ஓட்ஸுக்கும் அப்படியே. ஷ்லாஸ் அவன் தோலில் லேசாகக் கீறி, ஒவ்வொரு உணவின் சத்தையும் தனித்தனியாகத் தடவிப் பார்த்தார். எந்தெந்த உணவு ஆகாதோ அந்தந்த இடத்தில் மட்டும் தோல் பொங்கியது. 1912-இல் அதை எழுதி வெளியிட்டார். உலகமே ஊட்டச்சத்து என்று கொண்டாடும் முட்டை, ஒரு பையனுக்கு மட்டும் விஷமாக இருக்கிறது. அவன் உடம்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

அதற்கு விடை தேடியவர்கள் தங்கள் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார்கள். 1921-இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து சீரம் பிரித்து, பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலுக்குள் ஒரு துளி ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. அதுவரை மீனோடு சமாதானமாக இருந்த அந்தத் தோல் சிவந்து, அரித்து, வீங்கியது. பக்கத்து இடத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வாமை என்பது மனப் பிரமை அல்ல. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு ஊசி வழியாக எடுத்துப்போகக்கூடிய ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று ஆதாரத்தோடு தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பொருள் எது என்று அவர்களால் பிடிக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் நாஜிகள் ஆட்சிக்கு வர, பிராஸ்னிட்ஸ் ஜெர்மனியை விட்டே கிளம்பி, இங்கிலாந்தின் வைட் தீவில் சாதாரணப் பொது மருத்துவராகக் காலத்தைக் கழித்தார்.

அடுத்த 45 ஆண்டுகள் உணவு ஒவ்வாமைக்குச் சோதனைக் காலம். கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இல்லாததால், ஒரு பக்கம் எல்லா நோய்க்கும் உணவே காரணம் என்று சில மருத்துவர்கள் அடித்துப் பேசினார்கள். மறுபக்கம், எல்லாம் நரம்புத் தளர்ச்சி, மனக் கோளாறு, பிள்ளைக்குச் சாப்பாட்டில் பிடிவாதம், தாய்க்கு வீண் பயம் என்று பலர் தள்ளினார்கள். அந்த வருடங்களில் எத்தனை தாய்மார்கள், 'எல்லாம் உங்கள் மனசுதான்' என்ற பதிலோடு மருத்துவமனைப் படியிறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. அவர்கள் சொன்னது உண்மை என்று நிரூபிக்க, ஒரு ஜப்பானியத் தம்பதி தங்கள் முதுகைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிமிஷிகே இஷிஸாகாவும் அவருடைய மனைவி டெருகோவும் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வாமை உள்ளவர்களின் சீரத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு தோலைப் பொங்க வைக்கிறது என்று தங்கள் முதுகிலேயே ஊசி குத்திச் சோதித்தார்கள். 1966-இல் பிடிபட்டது. அதுவரை அறிந்த எந்த எதிர்ப்புப் புரதத்தோடும் சேராத புதுப் புரதம். ரத்தத்தில் அது இருக்கும் அளவோ மிக மிகச் சொற்பம். அதனால்தான் அத்தனை காலம் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது. அதே சமயத்தில் சுவீடனின் உப்சாலாவில் யொஹான்சன், பென்னிக் என்ற இருவரும் முற்றிலும் வேறு வழியாக, ஒரு புற்றுநோயாளியின் ரத்தத்தில் அதே புரதத்தைச் சந்தித்திருந்தார்கள். 1968-இல் உலகச் சுகாதார நிறுவனம் இரு தரப்பையும் கூட்டி, இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்து பெயர் சூட்டியது: ஐ.ஜி.ஈ.

அந்தப் புரதம் செய்யும் வேலை இதுதான். நிலக்கடலை ஆகாத குழந்தையின் உடம்பில், நிலக்கடலைப் புரதத்தை அடையாளம் காணும் ஐ.ஜி.ஈ. உருவாகி, தோல், குடல், மூச்சுக்குழாய் ஓரங்களில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை ஒரு துணுக்குக் கடலை உள்ளே போனதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. உதடு தடிக்கிறது, தொண்டை இறுகுகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம். தாமதித்தால் நெப்டியூனின் கதிதான். 1976-இல் அதே டென்வரில் சார்லஸ் மே என்ற மருத்துவர், உணவைப் பொடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கேப்ஸ்யூல்களில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். உணவு எது, வெற்று மாவு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அலர்ஜி வரவில்லை. வந்தவர்களுக்கோ சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. அந்தச் செய்தி சமையலறைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

1986-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், பிரவுன் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவி ஒருவர் உணவகத்தில் 'சில்லி' என்ற பண்டத்தைச் சாப்பிட்டார். இறைச்சியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைக்கும் ஒரு வகைக் குழம்பு அது. கெட்டியாக இருக்கட்டும் என்று சமையல்காரர் அதில் நிலக்கடலை வெண்ணெயைக் கலந்திருந்தார். அந்த மாணவிக்கு நிலக்கடலை ஆகாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். சில்லியில் கடலை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மாணவி இறந்துபோனார். அந்தச் சாவு ஓர் அபூர்வ விபத்து என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மருத்துவ இதழில் வந்த சில பக்கங்கள் அந்த நினைப்பைக் குலைத்துப் போட்டன.

1992 ஆகஸ்டில் ஹியூ சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை அது. மூன்று பெருநகரப் பகுதிகளில் 14 மாதங்களில் நடந்ததைத் திரட்டியிருந்தார்கள். 2 முதல் 17 வயதுக்குள் 13 பிள்ளைகள். 6 பேர் இறந்துவிட்டார்கள். 7 பேர் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார்கள். இறந்த 6 பேரில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அட்ரினலின் கிடைத்தது 2 பேருக்குத்தான். பிழைத்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அரை மணிக்குள் கிடைத்திருந்தது. இதையெல்லாம் விட நெஞ்சில் தைத்த விவரம் ஒன்று உண்டு. 13 பேருக்குமே எந்த உணவு ஆகாது என்று முன்பே தெரியும். தெரிந்தே யாரும் சாப்பிடவில்லை. கடலையும் கொட்டைகளும் பாலும் முட்டையும் மிட்டாய்க்குள்ளும் பிஸ்கட்டுக்குள்ளும் கேக்குக்குள்ளும் ஒளிந்திருந்தன.

அதற்கு ஓராண்டு முன்புதான், வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸில் ஆன் முன்யோஸ்-ஃபர்லாங் என்ற பெண்மணி ஒரு சிறு அமைப்பைத் தொடங்கியிருந்தார். அவருடைய மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே பாலும் முட்டையும் ஆகாது என்று தெரியவந்தது. என்ன சமைப்பது, எதை வாங்குவது என்று சொல்லித்தர ஆளில்லாமல் அவர் தவித்த தவிப்புதான் ஒரு செய்திமடலாக வெளிவந்தது. அதைப் படித்த பெற்றோர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கஷ்டம்: கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பால் என்று எங்கும் இருக்காது. கேசின், கேசினேட், வே, லாக்டால்புமின் என்று இருக்கும். நான்கும் பால்தான். முட்டை என்று இருக்காது. அல்புமின், லைசோசைம் என்று இருக்கும். 'இயற்கை மணமூட்டி' என்ற இரண்டு சொற்களுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வேதியியல் படிக்காத தாய்மார்கள் இந்தப் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். சீட்டில் எழுதிக்கொள்ளக்கூட வழியில்லாத ஒரு பண்டம் இங்கிலாந்தில் காத்திருந்தது.

1993 அக்டோபரில் அங்கே 17 வயதுப் பெண் ஒருத்தி கடைத் தெருவுக்குப் போன இடத்தில் ஒரு துண்டு எலுமிச்சைப் பை சாப்பிட்டாள். மேலே முட்டை நுரை போட்டுச் சுடுகிற இனிப்புப் பண்டம். அதில் நொறுக்கிய நிலக்கடலை இருந்தது. முன்பு கடலை சாப்பிட்டபோது அவளுக்கு லேசான தொந்தரவுதான் வந்திருந்தது. உயிருக்கே ஆபத்து என்று யாரும் எச்சரித்திருக்கவில்லை. அன்றே அவள் இறந்துவிட்டாள். அவளுடைய தந்தை டேவிட் ரீடிங் ஒரு பத்திரிகையாளர். துக்கத்தோடு துக்கமாகத் தன் தொழிலில் பழகியதைச் செய்தார்: விசாரித்தார். தன் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது என்று தெரிந்தது. 1994 தொடக்கத்தில் 'அனாஃபிலாக்சிஸ் கேம்பெய்ன்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். உணவு நிறுவனங்களுக்கும் அமைச்சகத்துக்கும் விடாமல் எழுதினார். அப்போதுதான் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது.

ஐரோப்பாவில் அதற்குப் பெயர் 25 சதவீத விதி. ஒரு பண்டத்துக்குள் போகும் இன்னொரு தயார்ப் பண்டம், மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டியதில்லை. கேக்கின் மேல் பாதாம் விழுது பூசியிருந்தால் அந்தப் பூச்சின் பெயரை மட்டும் போட்டால் போதும். பாதாம் என்று சொல்ல வேண்டாம். லேபிள் நீண்டுவிடாமல் இருக்க யாரோ சௌகரியத்துக்காகப் போட்ட விதி. கால் பங்கு என்பது பண்டத்தைச் செய்பவருக்குச் சின்ன அளவு. ஒவ்வாமை உள்ளவருக்கோ அதில் நூற்றில் ஒரு பங்கே அதிகம். அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம் என்று 1999-இல் தெரிந்தது. மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ரொட்டி வகைகள், ஐஸ்கிரீம், மிட்டாய் ஆகியவற்றை உணவு மருந்து நிர்வாகம் எடுத்துச் சோதித்தபோது, மாதிரிகளில் 25 சதவீதத்தில் நிலக்கடலையோ முட்டையோ இருந்தும் லேபிளில் அது இல்லை.

அதே 1999-இல், உலக நாடுகளின் உணவு விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு ஒரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஒவ்வாமை தரக்கூடிய உணவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் ஒரு சில வகைதான். பசைப்புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு இனங்கள், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், மரக்கொட்டைகள். இவற்றில் எது இருந்தாலும், எவ்வளவு குறைவாக இருந்தாலும், எப்போதும் சொல்லியாக வேண்டும் என்றது கோடெக்ஸ். 2003-இல் ஐரோப்பா 25 சதவீத விதியைத் தூக்கி எறிந்தது. 2004 ஆகஸ்டில் அமெரிக்காவில் சட்டம் கையெழுத்தானது. 2006 ஜனவரி முதல், கேசினேட் என்று எழுதும் நிறுவனம் பக்கத்திலேயே பால் என்று சாதாரண மொழியில் சொல்லியாக வேண்டும் என்றாயிற்று. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பா இன்னும் ஒரு படி ஏறியது. மூலப்பொருள் பட்டியலில் ஒவ்வாமைப் பொருளின் பெயர் மற்றவற்றோடு கலந்து நிற்கக் கூடாது. தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனியாகக் கண்ணில் பட வேண்டும். எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

2016 ஜூலையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு சாண்ட்விச் வாங்கினாள். தந்தையோடு பிரான்ஸுக்குக் கிளம்பிய விடுமுறைப் பயணம். அவளுக்கு எள் ஆகாது. உறையில் எள் என்று எங்கும் இல்லை, நம்பிச் சாப்பிட்டாள். எள் ரொட்டியின் மேலே தூவப்பட்டிருந்தால் கண்ணுக்காவது தெரிந்திருக்கும். அது மாவுக்குள்ளேயே பிசையப்பட்டிருந்தது. விமானம் வானத்தில் இருக்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டியது. தந்தை அடுத்தடுத்து இரண்டு அட்ரினலின் ஊசிகளைப் போட்டார். காப்பாற்ற முடியவில்லை. கடையிலேயே செய்து கடையிலேயே உறையிட்டு விற்கும் பண்டத்துக்கு முழு லேபிள் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளித்திருந்தது. கடை சட்டத்தை மீறவில்லை. சட்டமே அவளைக் கைவிட்டிருந்தது. பெற்றோர் ஓயாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் அந்த விலக்கு ஒழிந்தது. அவள் பெயராலேயே அதை 'நடாஷா சட்டம்' என்கிறார்கள்.

அதே 2021-இல் அமெரிக்கா எள்ளை ஒன்பதாவது ஒவ்வாமை உணவாகச் சேர்த்தது. 2023 ஜனவரி முதல் எள் இருந்தால் சொல்லியாக வேண்டும். இதன் பிறகு நடந்ததுதான் யாருமே எதிர்பாராதது. எள் ரொட்டியும் எள் இல்லாத ரொட்டியும் ஒரே இயந்திரத்தில் தயாராகும் தொழிற்சாலையில், ஒரு துளி எள்ளும் ஒட்டாமல் சுத்தம் செய்வது பெரும் செலவு பிடிக்கிற வேலை. சில நிறுவனங்கள் அதற்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தன. அதுவரை எள்ளே இல்லாத ரொட்டியிலும் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைக் கலந்து, 'எள் உள்ளது' என்று அச்சடித்துவிட்டன. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பல ஆண்டுகளாக அந்த ரொட்டியை நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு ஒரே நாளில் அது விஷமாயிற்று. காப்பாற்றப் போட்ட சட்டம் இப்படித் திரும்பிக் கடித்ததைப் பெற்றோர் அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன. கண்டிக்க வேண்டியதுதான்.

இந்தியாவில் இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வியாதி என்றே வெகுகாலம் பேசப்பட்டது. கர்நாடகத்தில் நடந்த ஆய்வு ஒன்று பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று காட்டியது. சதவீதத்தில் பார்த்தால் சிறியது. இந்த நாட்டின் மக்கள்தொகையில் அது லட்சக்கணக்கான மனிதர்கள். 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் புதிய லேபிள் விதிகளை வெளியிட்டது. கோடெக்ஸ் பட்டியலில் இருந்த வகைகள் ஏறத்தாழ அப்படியே வந்தன. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தாலும் சொல்ல வேண்டும் என்றாயிற்று. 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்களும் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்றாயிற்று.

டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே, பச்சைப் புள்ளிக்கு அருகில், அந்த விதியின் பயனாக ஒரு வரி இருக்கும். கோதுமை, பால், சோயா உள்ளது. சிலவற்றில் இன்னும் ஒரு துண்டு: கொட்டைகள் இருக்கலாம். 'உள்ளது' என்றால் செய்முறையிலேயே சேர்த்தது. 'இருக்கலாம்' என்றால் அதே ஆலையில் வேறு பண்டத்திலிருந்து ஒட்டியிருக்கக்கூடும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது பெரும்பாலும் இந்த வரியின் நடுவிலேதான் கிழிகிறது. நெப்டியூனும் கூஸ்ட்னரின் சீரமும் இஷிஸாகா தம்பதியின் முதுகும் 13 பிள்ளைகளும் ஒரு துண்டு எலுமிச்சைப் பையும் சேர்ந்து எழுதிய வரி அது.

வரி இன்னும் முடிந்தபாடில்லை. 2020 விதிகளின் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. ஐரோப்பா இரண்டையும் சேர்த்திருக்கிறது. இட்லிப் பொடியிலும் எள்ளுருண்டையிலும் எள்ளை வைத்துக்கொண்டு, எதைத் தாளித்தாலும் கடுகோடு தொடங்குகிற தமிழ்நாட்டுக்கு அந்த இரண்டும் வெளியூர்ச் சரக்கல்ல. இன்னொரு குறையும் உண்டு. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. அங்கன்வாடியில் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஆயாவும், பேரனுக்கு மிட்டாய் வாங்கும் தாத்தாவும் அந்த வரியைப் படிக்க முடியாவிட்டால் அது அச்சிடப்பட்டும் பயனில்லை. எள்ளும் கடுகும் பட்டியலில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் அந்த ஒரு வரியாவது தமிழில் இருக்க வேண்டும். இதற்கு இன்னொரு குழந்தையின் உயிர் போகும் வரை காத்திருக்கக் கூடாது.